தமிழ்நாட்டுச் சான்றிதழோடு பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு வாசல்படியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் யாராவது பிளாஸ்டிக் கவரும் கையுமாக வந்து நிற்பார்கள். கவருக்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து ஆதார் நகல் வரை எல்லாம் இருக்கும். தர்மபுரி, திருப்பத்தூர், வேலூர், சேலம், கொஞ்சம் தூரம் என்றால் திருநெல்வேலி. நான் நர்ஸ். தர்மபுரிப் பக்கம் படித்துவிட்டு 2011-ல் இங்கே வந்தேன். என் பதிவை மாற்ற நான் அலைந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் வழி கேட்டாள், அவள் சொல்லி அவள் தங்கை வந்தாள். பிறகு எலக்ட்ரீஷியன், டிரைவர், மருந்தாளுநர் என்று நர்ஸ் வேலைக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்காக நானும் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருவதால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். கட்டணமும் படிவமும் அடிக்கடி மாறும், அவற்றை அந்தந்த அலுவலகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, இந்தியா ஒரே நாடுதானே? தமிழ்நாட்ல வாங்கின லைசன்ஸ் இங்க ஏன் செல்லாதுங்கிறாங்க?

உங்கள் படிப்பு செல்லும். பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சில தொழில்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. இதை முதல் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில தொழில்களுக்குச் சட்டம் மத்திய அரசுடையது, பதிவேடு மாநிலத்துடையது. நர்ஸ், பார்மசிஸ்ட், பல் மருத்துவர் எல்லாம் இந்த இரண்டாம் வகை. சென்னையில் உள்ள பதிவேட்டில் இருக்கும் பெயர் இங்குள்ள பதிவேட்டுக்கு வர வேண்டும்.

மூன்றாம் வகை, ஆளுக்கு இல்லாமல் இடத்துக்குக் கொடுக்கிற உரிமம். மருந்துக்கடை, கிளினிக், ஓட்டல் எல்லாம் இதில் வரும். ஓசூரில் இருக்கிற கடையின் உரிமத்தைத் தூக்கிக்கொண்டு மடிவாளாவுக்கு வர முடியாது. உங்கள் வேலை இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் சி.ஏ., என் வீட்டுக்காரர் ஆர்க்கிடெக்ட். நாங்களும் மாத்தணுமா?

வேண்டாம். இரண்டும் முதல் வகை. சி.ஏ.வுக்கு டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம், ஆர்க்கிடெக்டுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில். முகவரி மாறியதை மட்டும் தெரிவித்துவிடுங்கள். ஆர்க்கிடெக்ட் விஷயத்தில் ஒரு கூடுதல் தகவல்: அந்தச் சட்டம் காப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைத்தான், கட்டட வடிவமைப்பு வேலையையே மற்றவர்களுக்குத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. பதிவில்லாத ஒருவர் அந்தப் பட்டத்தைப் பலகையில் போட்டுக்கொண்டால்தான் தவறு.

டிப்ளமோ நர்சிங் முடிச்சு சென்னை கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணிருக்கேன் சிஸ்டர். பெங்களூர்ல சேர என்ன பண்ணணும்?

முதல் வேலை சென்னையில். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் உங்கள் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா பாருங்கள். காலாவதியாகியிருந்தால் அதைப் புதுப்பித்த பிறகுதான் மற்றதெல்லாம். பிறகு அங்கேயே தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். என்ஓசி என்று கேட்டால் எல்லாருக்கும் புரியும். உங்கள் மேல் புகார் எதுவும் இல்லை, வேறு மாநிலத்துக்குப் போவதில் ஆட்சேபணை இல்லை என்பதுதான் அதன் பொருள்.

அதற்குப் பிறகு கர்நாடக மாநில நர்சிங் கவுன்சில். டிப்ளமோ, மார்க் ஷீட், சென்னைப் பதிவுச் சான்று, என்ஓசி, ஆதார் எல்லாம் கேட்பார்கள். சென்னையில் இருந்து சரிபார்ப்பு வந்த பிறகுதான் இங்கே எண் கொடுப்பார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் கொடுக்கிற தேசிய அடையாள எண்ணையும் வாங்கி வையுங்கள். அந்த எண் இருந்தாலே எங்கேயும் வேலை செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நீங்கள் யார் என்று காட்டுகிற எண்தான், மாநிலப் பதிவுக்கு அது ஈடாகாது. 1947-ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் 2023-ல் கொண்டுவந்த புதிய சட்டத்திலும் மாநிலப் பதிவேடு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில “மொதல்ல சேருங்க, மாத்தறத பின்னாடி பாத்துக்கலாம்”னு சொல்றாங்க. சேர்ந்துடவா?

சேராதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2011-ல் நான் சேர்ந்த இடத்திலும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பதினான்கு மாதம் நைட் டூட்டி பார்த்தேன். ஒருநாள் காலை ஏழு மணிக்கு வார்டு இன்சார்ஜ் ஒரு தாளோடு வந்து எங்கள் ஆறு பேர் பெயரைப் படித்து, “இன்னைக்கு லீவு எடுத்துக்குங்க, பின் வாசல் வழியா போயிடுங்க” என்றார். அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன். தலையில் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டு வழியாக வெளியே வந்தோம். நோயாளிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த கை, திருட்டுத்தனமாக வெளியேறுகிற கையாகிவிட்டது. அந்தக் காலையை நான் மறக்கவில்லை.

நஷ்டம் அதோடு நிற்கவில்லை. வேறு வேலைக்கு விண்ணப்பித்தபோது என் கர்நாடகப் பதிவுத் தேதியையும் அனுபவக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பதிவுக்கு முந்தைய பதினான்கு மாதத்தையும் அனுபவமாகக் கணக்கில் எடுக்கவில்லை. பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர்கள் என்றால், பதிவு வரும்வரை தமிழ்நாட்டிலேயே வேலையில் இருந்துகொண்டு விண்ணப்பியுங்கள். இங்கே வந்துவிட்டு எண் இல்லாமல் ஊசி போடாதீர்கள். ஏதாவது தவறு நடந்தால் முதலில் கேட்பது உங்கள் பதிவு எண்ணைத்தான்.

பத்தாவது மார்க் ஷீட்ல எஸ். கவிதா. ஆதார்ல கவிதா சேகர். கல்யாணத்துக்கு அப்புறம் பேங்க்ல கவிதா மணிகண்டன். இது பிரச்சனையா?

பிரச்சனைதான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களின் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நான் பார்த்த காரணங்களில் பாதி இதுதான். நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல். இங்குள்ள படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. உடனே அந்த நேரத்துக்குத் தோன்றியதைப் போடுகிறோம். ஒரு படிவத்தில் எஸ், இன்னொன்றில் சேகர், மூன்றாவதில் கணவர் பெயர். சரிபார்க்கிறவருக்கு இவர்கள் மூன்று பேர்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அச்சாணியாக வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோவும் பதிவும் அதைப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்கும். ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றுவது சுலபம், மார்க் ஷீட்டை ஆதாருக்கு ஏற்ப மாற்றுவது பெரிய பாடு. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்ற முடியும், அதனால் யோசித்துச் செய்யுங்கள். மாற்ற முடியாத இடத்தில் இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் நோட்டரி முன் உறுதிமொழி எழுதி வாங்கிவிடுங்கள். பெயரையே மாற்றியவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டும். கல்யாணம் ஆனதற்காகப் பதிவில் பெயர் மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். ஜெயலட்சுமி என்ற பெண்ணுக்கு டிப்ளமோவில் நடுவில் ஒரு ‘எச்’ இருந்தது, ஆதாரில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காக இரண்டு முறை திரும்பி வந்தது. விண்ணப்பிக்கும் முன் எல்லாத் தாளையும் தரையில் வரிசையாகப் பரப்பி எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். வீட்டில் இன்னொருவரையும் படிக்கச் சொல்லுங்கள், நம் பெயரில் உள்ள பிழை நம் கண்ணுக்குத் தெரியாது.

சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணிட்டேன்க்கா, பரவால்லையா?

நானும் பண்ணியிருந்தேன். பிளாஸ்டிக் பளபளப்பில் ஸ்கேன் எடுத்தால் முத்திரை இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு மட்டும்தான் விழுந்தது. பிரிக்கப் போனால் எழுத்தோடு சேர்ந்து வந்துவிடும். ஜன்னல் ஓரம் வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பலமுறை எடுத்துப் பார்த்துத்தான் கடைசியில் ஒன்று தேறியது. இனிமேல் லேமினேட் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும். தொலைந்துபோனவர்கள் முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றை வாங்குங்கள். நகல் சான்றிதழுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒரிஜினல் எல்லாத்தையும் ஆபீஸ்ல குடுத்தாதான் வேலைங்கிறாங்க. ரெண்டு வருஷ பாண்டும் இருக்கு.

ஒரிஜினலைக் காட்டலாம், ஒப்பிட்டுப் பார்க்க விடலாம், அன்றைக்கே திருப்பி வாங்கிவிட வேண்டும். சான்றிதழ் அடகு வைக்கிற பொருள் இல்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. முதலாளிக்கு அதைப் பிடித்துவைக்க உரிமை கிடையாது. பாண்டில் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட, பணம் கேட்டு அவர்கள் வழக்குப் போடலாமே தவிர உங்கள் தாளை வைத்துக்கொள்ள முடியாது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி இருக்காது. தரவில்லை என்றால் எழுத்துப்பூர்வமாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நான் பார்த்தவரை, போலீஸ் ஒரு போன் போட்டாலே கவர் வெளியே வந்துவிடுகிறது.

கன்னடம் தெரியலைன்னா ரிஜிஸ்டர் பண்ண மாட்டாங்களாமே?

நர்ஸ், பார்மசிஸ்ட் பதிவுக்குக் கன்னடத் தேர்வு எதுவும் இல்லை. மாநில அரசு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் கன்னடத் தேர்வு வரும். சொந்தமாகக் கடையோ கிளினிக்கோ வைத்தால் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்பது 2024-ல் வந்த சட்டத் திருத்தம், அதைத் தவறாமல் செய்துவிடுங்கள்.

தேர்வு இல்லை என்பதற்காகக் கற்றுக்கொள்ளாமல் இருக்காதீர்கள். வார்டில் முதல் நாள் ஒரு பாட்டி “ஹொட்டெ நோவு” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நோவு நம்முடைய சொல்லேதான், ஊரில் என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதத்தில் பேச ஆரம்பித்துவிட்டேன்.

நான் டி.பார்ம். இங்க மெடிக்கல் ஷாப்ல வேலைக்குச் சேரணும், அப்புறம் சொந்தமா வைக்கணும். ரெண்டுக்கும் ஒரே பேப்பரா?

இல்லை, இரண்டும் வேறு. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் பதிவு பெற்ற பார்மசிஸ்டுக்குத்தான் உரிமை. அதற்கு உங்கள் பெயர் கர்நாடக மாநில பார்மசி கவுன்சிலுக்கு மாற வேண்டும். இது இரண்டாம் வகை. வழி நர்ஸுக்குச் சொன்னதுதான்: சென்னையில் தடையின்மைச் சான்று, இங்கே விண்ணப்பம், இடையில் சரிபார்ப்பு.

சொந்தக் கடை மூன்றாம் வகை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் சில்லறை விற்பனைக்கான 20, 21 என்ற இரண்டு படிவ உரிமங்கள் வாங்க வேண்டும். கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும், சில்லறையும் மொத்தமும் சேர்ந்தால் 15. அட்வான்ஸ் கொடுக்கும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். சுவரோடு சேர்த்து நூற்றுப்பத்து சதுர அடி என்று வீட்டுக்காரர் சொன்னதை நம்பிப் பணம் கட்டி, உள்ளே அளந்தால் குறைந்துபோய் மாட்டிக்கொண்டவர் ஒருவரைத் தெரியும். உரிமம் வாங்கிய பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டி அதைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மெடிக்கல் ஓனர் மாசாமாசம் பணம் தர்றேன், நீங்க வர வேணாம், சர்டிபிகேட் மட்டும் மாட்டிக்கறேங்கிறார். வீட்ல கஷ்டம், ஒத்துக்கவா?

கஷ்டம் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் மாட்டியிருப்பது உங்கள் பெயர். 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியலில் உள்ள மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும்: நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, அளவு. அதை 3 ஆண்டு காக்க வேண்டும். காசநோய் மருந்தும் வீரியமான ஆன்டிபயாடிக்கும் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன. நீங்கள் சேலத்தில் இருக்கும்போது இங்கே பிளஸ் டூ படித்த பையன் ஒருவன் அதை எடுத்துக் கொடுப்பான். குழந்தைக்கு அளவு தவறினால் வருகிற நோட்டீஸில் உங்கள் பதிவு எண் இருக்கும். தொழில் நெறி மீறலுக்குப் பதிவேட்டிலிருந்தே பெயரை எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கப்புறம் எந்த மாநிலத்திலும் கவுண்டருக்குள் நிற்க முடியாது.

எங்கிட்ட தமிழ்நாட்டு வயர்மேன் ‘பி’ சர்டிபிகேட் இருக்குங்க. பெஸ்காம் ஏரியாவுல வயரிங் எடுத்துப் பண்ணலாமா?

கிருஷ்ணகிரித் தம்பி ஒருவர் கேட்டது. பெஸ்காம் என்பது பெங்களூருக்கு மின்சாரம் கொடுக்கிற நிறுவனம். சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்த சான்று, வியர்வையில் போட்டோவின் பாதி முகம் போயிருந்தது. மின்பாதுகாப்பு விதி சொல்வது இது: புது வயரிங்கும் மாற்ற வேலையும் மாநில அரசு உரிமம் கொடுத்த ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ள மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில், அந்த மாநில அரசு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட அனுமதி உள்ளவர் கையால் நடக்க வேண்டும். ‘ஏற்றுக்கொண்ட’ என்ற சொல்தான் உங்களுக்கு வழி. உங்கள் ‘பி’ சான்றைக் கர்நாடக மின் ஆய்வுத் துறையிடம் காட்டி, இங்கே ஏற்க வைக்கவோ இங்குள்ள வயர்மேன் அனுமதி வாங்கவோ விண்ணப்பிக்க வேண்டும். தனியாக வேலை எடுக்க அது போதாது, ஒப்பந்ததாரர் உரிமம் தனி. அது வரும்வரை உரிமம் உள்ள ஒருவரிடம் சேர்ந்து வேலை பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் உரிமம் தேவையில்லை. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது, வீட்டுச் சாதனத்தை அதே திறனில் வேறொன்றால் மாற்றுவது விதிவிலக்கு. எடுத்து மாட்டினால் பரவாயில்லை, புதிதாக லோடு ஏற்றினால் உரிமம் வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுப்பேன். பழைய ஃபேனைக் கழற்றிப் புது ஃபேன் மாட்டலாம். கீசருக்குப் புது லைன் இழுப்பது வேறு வேலை.

தமிழ்நாட்டு டிரைவிங் லைசன்ஸ் வச்சு இங்க கேப் ஓட்டலாமா? ஆட்டோ?

ஓட்டுநர் உரிமம் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுக்கச் செல்லும், முதல் வகை. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

ஆட்டோவில் சிக்கல் வண்டியில்தான். பெர்மிட் வண்டிக்கும் ஊருக்கும் சேர்த்துக் கொடுப்பது, அதாவது மூன்றாம் வகை மாதிரி. ஓசூர் பெர்மிட் உள்ள ஆட்டோ மெஜஸ்டிக்கில் சவாரி எடுக்க முடியாது. இங்கே ஓட்டுகிறவர் சீட்டுக்குப் பின்னால் போலீஸ் கொடுத்த போட்டோ போட்ட அட்டை தொங்க வேண்டும்.

நாங்க பரம்பரை வைத்தியக் குடும்பம். அப்பா கையெழுத்துப் பிரதி எல்லாம் இருக்கு. ஸ்ரீராம்புரத்துல வைத்தியசாலை வைக்கலாமா?

மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் நேராகச் சொல்கிறேன்: முடியாது. அங்கீகரித்த படிப்பும் பதிவும் இல்லாமல் பரம்பரை வைத்தியர்கள் மருத்துவம் பார்க்க முடியாது என்று கேரள வைத்தியர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அந்தச் சுவடிகளையும் பிரதிகளையும் பாதுகாத்து வையுங்கள். பிள்ளைகளில் ஒருவரைச் சித்த மருத்துவம் படிக்க வையுங்கள், அப்பாவின் அறிவு அப்படியாவது வழி வழியாக நிற்கும்.

பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்துச் சென்னையில் பதிந்தவர்கள் கதை வேறு. கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பதிவுச் சட்டத்தில் சித்த மருத்துவமும் இருக்கிறது. இங்கே அந்த வாரியத்தில் பதிந்துகொண்டு, கிளினிக்குக்கு 2007-ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப்படி தனியாகப் பதிவு வாங்க வேண்டும். கேபிஎம்இ என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். ஆங்கில மருத்துவ டாக்டரின் கிளினிக்குக்கும் அதே சட்டம்தான்.

சென்னையில வக்கீலா என்ரோல் ஆனேன். பெங்களூர் கோர்ட்ல ஆஜராக முடியுமா?

முடியும். வழக்கறிஞர் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது, இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்யலாம். அகில இந்திய பார் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இங்கேயே நிரந்தரமாக இருக்கப் போகிறீர்கள் என்றால் 18-ஆம் பிரிவுப்படி கர்நாடகப் பட்டியலுக்குப் பெயரை மாற்றலாம், அதற்குச் சட்டத்தில் கட்டணம் இல்லை. நல நிதி, பார் கவுன்சில் ஓட்டு எல்லாம் எந்தப் பட்டியலில் இருக்கிறீர்களோ அங்கேதான். இன்னும் பதியாத பிள்ளைகளுக்கு ஒன்று: சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது.

அத்திப்பள்ளிப் பக்கம் பிளாட், ஃபிளாட் வித்துத் தர்ற புரோக்கர் நான். தமிழ்நாடு ரெரா நம்பர் இருக்கு.

ரெரா என்பது மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்துகிற மாநில ஆணையம். கர்நாடக நிலத்தில் உள்ள திட்டத்துக்குக் கர்நாடக ரெராவில் முகவர் பதிவு வேண்டும், ஓசூர்ப் பக்கத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டுப் பதிவு. எல்லையின் இரண்டு பக்கமும் வேலை செய்கிறவருக்கு இரண்டும் வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று அபராதம் ஏறி, விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பவர்களுக்கு இது பொருந்தாது.

செக்யூரிட்டி வேலைக்கு லைசன்ஸ் எடுத்துத் தர்றேன்னு ஏஜென்ட் காசு கேட்கறான்.

கொடுக்காதீர்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டியது ஏஜென்சிக்கு, காவலாளிக்கு இல்லை. காவலாளிக்கு வேண்டியது வயது 18 முதல் 65-க்குள், போலீஸ் சரிபார்ப்பு, பயிற்சி. மத்திய அரசின் மாதிரி விதியில் அந்தப் பயிற்சி 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும். முன்னாள் ராணுவத்தினருக்குக் குறைவு.

தையல் கடை, பியூட்டி பார்லர் வைக்கறதுக்கும் கவுன்சில் இருக்கா?

இல்லை. தையல், முடிதிருத்தம், அழகுக்கலை, சமையல் எதற்கும் ஆளுக்கான பதிவு கிடையாது. டிப்ளமோ வாங்கினால் வாடிக்கையாளர் நம்பிக்கை கூடும், சட்டம் கேட்பதில்லை. கடைக்கு வேண்டிய உள்ளாட்சி, தொழிலாளர் துறைத் தாள்களும், சாப்பாட்டுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் மூன்றாம் வகையில் வரும். தள்ளுவண்டிக்காரர்கள் 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படியான சான்றை விட்டுவிடாதீர்கள், அந்தச் சட்டம் உங்களுக்காகவே வந்தது.

பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் எல்லாம் எங்க வரும்?

2021-ல் இவர்களுக்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது. தேசிய ஆணையம், மாநிலக் குழு, மாநிலப் பதிவேடு என்று இரண்டாம் வகை அமைப்பு. மாநிலக் குழுக்கள் ஆளுக்கொரு வேகத்தில் அமைகின்றன. படிப்புச் சான்றும் மார்க் ஷீட்டும் இன்டர்ன்ஷிப் சான்றும் ஒரே பெயரில் தயாராக இருக்கட்டும். பெயர் விஷயம் மேலே கவிதாவுக்குச் சொன்னதுதான்.

வீடு ஓசூர்ல, வேலை எலக்ட்ரானிக் சிட்டி ஆஸ்பத்திரில. டெய்லி பஸ். நான் எந்த மாநிலம்?

வேலை நடக்கிற இடம்தான் கணக்கு. ஆதாரில் ஓசூர் முகவரி இருந்தாலும், தினம் ராத்திரி ஓசூரில் படுத்தாலும், ஊசி போடுவது கர்நாடகத்தில். பதிவும் கர்நாடகத்தில் வேண்டும். ஆதார் முகவரியை மாற்ற வேண்டியதில்லை.

நான் எம்.பி.பி.எஸ். பெங்களூர்ல இருந்துகிட்டு போன்ல நம்மூர் பேஷண்ட்ஸப் பாக்கலாமா?

பார்க்கலாம். 2020 மார்ச் 25-ல் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் உள்ள நோயாளிக்கும் ஆலோசனை சொல்லலாம். சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும், நோயாளி சம்மதம் வேண்டும், போதை மருந்துப் பட்டியலில் உள்ளதை எழுதக் கூடாது. இது தொலைபேசி ஆலோசனைக்கு மட்டும்தான். இங்கே கிளினிக் திறந்தால் சித்த மருத்துவருக்குச் சொன்ன கேபிஎம்இ உங்களுக்கும் வரும்.

விண்ணப்பிச்சு ஆறு மாசமாச்சு, பதிலே இல்லை. ஏஜென்ட் கிட்ட குடுத்துடவா?

கொடுக்க வேண்டாம். முதலில் பணம் கட்டிய ரசீதையும் விண்ணப்ப எண்ணையும் எடுங்கள். பெரும்பாலும் கோப்பு இரண்டு கவுன்சிலுக்கு நடுவில் நிற்கிறது. இங்கே கேட்டால் சென்னையில் இருந்து வரவில்லை என்பார்கள், சென்னையில் அனுப்பிவிட்டோம் என்பார்கள். அனுப்பிய தேதியும் கடித எண்ணும் சென்னையில் கேட்டு வாங்கிவிட்டால் இங்கே தேடி எடுத்துவிடுவார்கள்.

அப்படியும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். “என் விண்ணப்பம் இன்ன தேதியில் எந்த மேசையில் இருந்தது?” என்று மட்டும் கேளுங்கள், நீளமாக எழுதாதீர்கள். நான் எழுதிக்கொடுத்த பலருக்கு அந்தப் பதில் வருவதற்குள் பதிவு எண்ணே வந்துவிட்டது.

ரெண்டு மாநிலத்திலயும் பேரை வச்சுக்கலாமா? நாளைக்கு ஊருக்கே திரும்பிட்டா?

புரோக்கருக்கு இரண்டு பதிவு வேண்டும் என்று மேலே சொன்னது நிலம் இரண்டு பக்கமும் இருப்பதால். நர்ஸும் பார்மசிஸ்டும் அப்படியில்லை, வேலை பார்க்கிற மாநிலத்தில் பெயர் இருந்தால் போதும். வக்கீலுக்கு ஏதாவது ஒரு மாநிலப் பட்டியலில் இருந்தால் போதும். நர்ஸும் பார்மசிஸ்டும் திரும்பிப் போனால் இதே வழிதான், திசை மட்டும் மாறும்: கர்நாடகத்தில் தடையின்மைச் சான்று, சென்னையில் விண்ணப்பம். அதனால் பழைய சென்னைப் பதிவுச் சான்று, புதுப்பித்த ரசீதுகள், என்ஓசி நகல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். என் முதல் சென்னைச் சான்று இன்னும் பீரோவில் மேல்தட்டில், லேமினேட் செய்த அதே கோலத்தில் இருக்கிறது.